மூன்று பெயர், ஒரே சில்லு

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாடும் கருநாடகமும் எல்லை தொடும் மூலையில் அமைந்த ஊர் குப்பம். திராவிடப் பல்கலைக்கழகம் 1997ஆம் ஆண்டு இங்கு நிறுவப்பெற்றது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் இவ்வூரில் அருகருகே ஒலிக்கின்றன.

தரையில் கட்டம் வரைந்து, சில்லெறிந்து, ஒற்றைக்காலால் தாவி ஆடுவதைத் தமிழர் பாண்டி என்பர்; தெலுங்கர் தொக்குடு பில்ல என்பர்; கன்னடர் குண்டெ பில்லெ என்பர். 'தொக்கு' என்பது மிதித்தலையும், 'குண்டெ' என்பது நொண்டுதலையும் குறிக்கும். 'பில்ல' என்பது நம் 'வில்லை' என்னும் சொல்லுக்கு உறவாகும். பெயர் மூன்றாயினும் ஆட்டம் ஒன்றே.

இவ்வாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. மூன்று வயதுக் குழந்தை ஒற்றைக்காலில் ஓரிரு நொடிகளே நிற்கும். ஆடி ஆடிப் பழகி, நான்கைந்து வயதில் நொண்டியடிக்கக் கற்கும். கால் வலுப்பெறும், உடல் சமநிலை கொள்ளும், எண்ணிக்கையும், தன் முறைக்குக் காத்திருக்கும் பொறுமையும் உடன்வளரும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாள்தோறும் குறைந்தது 180 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்றும், அதில் 60 நிமிடமேனும் நன்கு ஓடியாட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

இந்தியாவில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பெற்றது. அதன் அங்கன்வாடி மையங்களில், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் உணவும் விளையாட்டுவழிக் கல்வியும் பெறுகின்றனர். 'அங்கன்' என்றால் முற்றம். முற்றம் வீட்டார் அனைவரும் கூடும் இடம். குழந்தை மையத்தில் இருப்பதோ சில மணி நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் வீட்டில்தான். மையத்தில் கற்ற ஆட்டத்தை வீட்டிலும் பெரியோர் உடனிருந்து தொடர்ந்தால்தான் அது நிலைக்கும்.

பிழைப்பின் பொருட்டு ஊர்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது இன்றியமையாதது. அக்குழந்தை மையத்திலும் தெருவிலும் கேட்பது பிறமொழி. அதைக் கற்பது நன்றே. ஆயினும் தாய்மொழிக்கு வீட்டைத் தவிர வேறிடம் இல்லை. அலைபேசியைக் கையில் கொடுத்தால் குழந்தை அடங்கி அமரும். ஆனால் அதனோடு உரையாடுவார் இலர். பாட்டியோ தந்தையோ உடன் ஆடும்போது 'தாண்டு', 'குனி', 'நொண்டு', 'மிதிக்காதே' என்னும் சொற்கள் செயலோடு சேர்ந்து மனத்தில் பதிகின்றன. எழுத்தறியும் முன்பே மொழி வந்து சேர்கிறது.

மாணவர்களே! உங்கள் தம்பி தங்கையருக்காக இன்று மாலை ஒரு சுண்ணக்கட்டி எடுத்து வாசலில் எட்டுக் கட்டம் வரையுங்கள். பெற்றோரையும் ஆட அழையுங்கள். கட்டங்களைத் தமிழில் எண்ணுங்கள்.

செயல்பாடு: இவ்விளையாட்டுக்கு உங்கள் பெற்றோர் ஊரில் வழங்கும் பெயரையும், இப்போது நீங்கள் வாழும் ஊரில் வழங்கும் பெயரையும் கேட்டு எழுதுக.