ரஃபிகி: முடிவை மாற்ற மறுத்த படம்

பெருநிறுவனங்களின் முதலீட்டுக்குக் கட்டுப்படாமல் எடுக்கப்படும் சுயாதீனத் திரைப்படங்களுள் கென்ய இயக்குநர் வனூரி கஹியுவின் ‘ரஃபிகி’ (2018) தனித்துப் பேசத்தக்கது. நைரோபியில் தேர்தலில் எதிரெதிரே நிற்கும் இருவரின் மகள்களான கேனாவும் ஸிகியும் கொள்ளும் காதலை, அது பரபரப்புக்கான காட்சிப்பொருளாக்காமல், கூச்சமும் குறும்பும் கலந்த அன்றாட நெருக்கமாகவே காட்டுகிறது. தன்பாலின உடலுறவைக் குற்றமாகக் கருதும் சட்டம் நடப்பிலுள்ள அந்நாட்டில், தணிக்கை அதிகாரம் கொண்ட அரசு அமைப்பான திரைப்பட வகைப்பாட்டு வாரியம், படத்தின் முடிவு நம்பிக்கையூட்டுவதாக இருப்பதை ஆட்சேபித்து மாற்றச் சொன்னது; இயக்குநர் மறுக்கவே, படத்துக்குத் தடை வந்தது. இத்தகைய காதல் துயரத்தில் முடிந்தால் மட்டுமே சகித்துக்கொள்ளும் மனப்பான்மை, அதிகாரத்தின் வாயாலேயே இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்படுவது அரிது. 2018 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் 7 நாள்களுக்குத் தடையை நிறுத்திவைத்தபோது, நைரோபியில் அரங்கு நிறைந்த காட்சிகளாகப் படம் ஓடியது.