தவளைமேல் பாயும் விரால்



கெடாவின் நகர ஏரிப் பூங்காக்களில், மாலை வேளைகளில் தந்தையும் பிள்ளையும் தூண்டிலுடன் அமர்ந்திருப்பதைக் காணலாம். தோட்டத்துக் கால்வாய்களிலும் குட்டைகளிலும் மீன் பிடித்து வளர்ந்த தந்தையர் பலர். தோட்டத்தை விட்டு வந்தாலும் அவர்கள் தூண்டிலை விடவில்லை. கைப்பேசியை மறந்து பிள்ளை அருகில் அமர்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒன்றைக் கூற விரும்புகிறேன்.

கடந்த பள்ளி விடுமுறையில், சுங்கைப்பட்டாணியில் ஓர் ஏரிக்கரையில் என் மாணவன் ஒருவன் நீரைச் சுட்டிக் காட்டினான். செந்நிற மீன்குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் திரண்டு அசைந்துகொண்டிருந்தன. "டீச்சர், அங்கேதான் ஹருவான் இருக்கும். அப்பா ரப்பர் தவளையைப் போட்டால் உடனே கடிக்கும்" என்றான். அவன் சொன்னது சரியே. ஏன் கடிக்கிறது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

ஹருவான் என்பது நம் விரால் மீன். அது நீர்மட்டத்திற்கு வந்து காற்றையும் சுவாசிக்கும். அதனால் சேற்றுக் குட்டையிலும் பிழைக்கும். முட்டைகளையும் குஞ்சுகளையும் பெற்றோர் மீன்கள் காவல் காக்கும். குஞ்சுகளுக்கிடையே தவளை விழுந்தால், இரையென்று மட்டுமன்று, பகையென்றும் எண்ணிப் பாயும். அதைப் பிடித்துவிட்டால், காவலிழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு எளிதில் இரையாகும்.

அறிவியல் பாடத்தில் 'நீடுநிலவல்' என்று நாம் கற்பிப்பது இதைத்தான். முட்டையையும் குட்டியையும் காக்கும் விலங்குகளின் பட்டியலை மாணவர்கள் மனனம் செய்கின்றனர். அதே காட்சி கண்முன் நிகழும்போது, அது பாடம் என்று அறிவதில்லை.

மாணவனின் தந்தையிடம் இதைக் கூறினேன். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தம் தாயாருக்கு விரால் சூப் வைக்கவே வந்ததாகச் சொன்னார். புண் ஆற விரால் நல்லது என்பது நம் நாட்டில் மூவினத்தாரிடமும் உள்ள நம்பிக்கை. தாய்க்காக வந்தவரை எப்படித் தடுப்பது? "குஞ்சுகளோடு இருப்பதை விட்டுவிட்டு, வேறொன்றைப் பிடிக்கலாமே, ஐயா" என்றேன். சற்று நேரம் நீரைப் பார்த்தவர், "நாங்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே, டீச்சர்" என்று கூறிக் கரையின் மறுபுறம் நடந்தார். மகனும் பின்தொடர்ந்தான்.

பள்ளி திறந்ததும் அம்மாணவன் வகுப்பில் இதை விளக்கினான். நான் கூறியதாக அன்று. "எங்கள் அப்பா சொன்னார்" என்றே தொடங்கினான்.

பெற்றோர்களே, தூண்டிலை வீசுமுன் செந்நிறக் குஞ்சுகள் உள்ளனவா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் சற்றுத் தள்ளி அமருங்கள். உங்கள் சொல்லுக்கு எங்கள் பாடத்தைவிட வலிமை அதிகம்.