மிதக்கும் துகள்கள்

என் அப்பா போர் போடும் வண்டியில் வேலை பார்ப்பவர். கம்பிரசர் காற்றைக் குழாய்க்குள் செலுத்தியதும் தண்ணீரோடு மணலும் பொங்கி மேலே வரும். சுழலும் விசிறி ஏதுமின்றி மணல் மேலேறுவது எப்படி? கல்லூரிக்கு வந்த பின்புதான் விளங்கிற்று. குமிழிகள் கலந்த நீர் எடை குறைந்தது. சுற்றியுள்ள கனத்த நீர் அதை மேலே தள்ளுகிறது.

மெக்சிகோவின் பச்சூக்கா நகரின் பெயரைத் தாங்கிய தொட்டிகளிலும் இதே சூட்சுமந்தான். 1967இல் தொடங்கப்பெற்ற இந்திய யுரேனியக் கழகத்தின் ஜாதுகுடா ஆலையில், அரைத்த தாதுவைக் கந்தக அமிலத்தில் கரைக்க அவற்றையே கையாண்டனர். நடுவே காற்று ஏற, குழம்பும் கூடவே ஏறி, ஓரமாய் இறங்கி, மீண்டும் அடிக்கு வந்து சுழலும். துகள் விழும் வேகத்தை நீர் ஏறும் வேகம் மிஞ்ச வேண்டும். காற்றைக் குறைத்தால் பருமணல்தான் முதலில் படியும். படிந்த தாது அமிலத்துக்குச் சரிவரச் சிக்காது. தட்டையான அடியில் மூலைக்கு மூலை தேங்கிவிடும் என்றே தொட்டியின் அடிப்பாகத்தைக் கூம்பாக அமைத்தார்கள்.

என் அம்மாவோ சிவகாசிப் பக்கம் பட்டாசுத் தொழிலாளி. அங்கே கதை தலைகீழ்! அலுமினியத் தூள் காற்றில் மிதக்கவே கூடாது. மிதந்தால் ஒவ்வொரு துகளையும் ஆக்சிஜன் சூழ்ந்துகொள்ளும். பிறகு ஒரு பொறி போதும். தொட்டிக்காரர் வேண்டி நிற்பதை மருந்து கலப்பவர் அஞ்சுகிறார்.

சேலையில் வெள்ளி நிறத் தூசியோடு அம்மா திரும்பும் மாலைகளில், அவர் குளித்து வரும்வரை நான் அடுப்பைப் பற்றவைப்பதில்லை.