தாங்கியா, முளையா?

அப்பாவின் தூண்டிற்கோலைக் கடல் கொண்டுபோய் ஒன்றரை ஆண்டு ஆகிறது. அவர் சொன்ன ஒரு சொல்லை நான் தவறாகக் கேட்டதே அதற்குக் காரணம். மணற்கரையில் கோலை நட்டு மீன்பிடிக்க விரும்புவோருக்கும், நோயுற்றவர்களின் பேச்சைக் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும் என் போன்ற ஆய்வாளர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் சாலைவழியில் முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் போனால்தான் கடலைக் காணலாம். அப்பா பிறந்தது பரங்கிப்பேட்டைக்கு அருகில். வெள்ளாற்று முகத்துவாரத்தில் கைத்தூண்டில் போட்டு வளர்ந்தவர், இருபது வயதில் இங்கே வந்து ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். ஆலை மூடியபோது கிடைத்த பணத்தில் அவர் தமக்கென்று வாங்கிய ஒரே பொருள் பதின்மூன்று அடி நீளமுள்ள தூண்டிற்கோல். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது அது பரணிலிருந்து இறங்கும். திரும்பி வந்ததும் எண்ணெய்த் துணியால் துடைக்கப்பட்டு மீண்டும் பரணேறும்.

மூன்றாண்டுகளுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டதால் வலக்கை வலுவிழந்தது. அதனோடு சொல்லும் தடுமாறியது. அவர் சொல்வது புரியாமல் இல்லை. வாக்கியம் சரியாகத் தொடங்கும். பெயர்ச்சொல் வரவேண்டிய இடத்தில் நின்றுவிடும். கரண்டியைக் காட்டி "குழம்பு… குழம்பு எடுக்கிறது" என்பார். மொழியியலில் இதைச் சுற்றுமொழி என்போம். பெயர் எட்டாதபோது அந்தப் பொருளின் பயனைச் சொல்லி நெருங்குவது. வேறொரு வகையும் உண்டு: கரண்டி என்று சொல்ல வந்து 'தட்டு' என்று சொல்லிவிடுவது. அது தொடர்புடைய மற்றொரு சொல்லாக வழுவுவது. முதுகலையில் இவற்றைப் பிரித்தறியக் கற்றிருந்தேன். வீட்டிலும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். அப்பா எதைக் காட்டி எதைச் சொன்னார், அது எந்த வகை என்று தேதியிட்டு எழுதுவேன்.

சென்ற ஆண்டு ஆவணியில் ஊருக்குப் போகலாம் என்றபோது அவர் முகத்தில் நெடுநாள் கழித்து ஓர் ஆர்வம் தெரிந்தது. ஆனால் கோலை யார் பிடிப்பது? மணற்கரையிலிருந்து தூண்டில் வீசுவதற்குச் சில நொடிகளே போதும்; அதன்பின் காத்திருக்கும் நேரம்தான் நீண்டது. ஈயக்குண்டு அலை உடையும் இடத்தைத் தாண்டி விழவேண்டும். நரம்பு அலைகளுக்கு மேலே நிற்கும்படி கோலை உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். தாழ்ந்தால் ஒவ்வோர் அலையும் நரம்பை இழுத்து, இரையை இடம்பெயர்த்துவிடும். மணிக்கணக்கில் உயர்த்திப் பிடிக்க அவருடைய வலக்கையால் இயலாது. ஆகவே மணலில் நட்டுக் கோலைச் செருகி வைக்க ஒன்று வேண்டியிருந்தது. அதை நான் 'கோல் தாங்கி' என்று அழைத்தேன். என் தவறு அந்தப் பெயரிலேயே தொடங்கிவிட்டது.

தாங்கி என்றதும் மனம் எடையை எண்ணுகிறது. சிட்டி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் பிவிசி குழாய் கேட்டேன். "நாலு கிலோவா, ஆறு கிலோவா, பத்து கிலோவா?" என்றார் கடைக்காரர். பத்துக் கிலோ குழாயே தடிமனானது என்று அதை வாங்கினேன். அந்தக் கிலோ குழாய்க்குள் ஓடும் நீரின் அழுத்தத்தைக் குறிப்பது என்பதையும், கோலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்பதையும் அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. 50 மில்லிமீட்டர் விட்டம், மூன்றடி நீளம், ஒரு முனை சாய்வாக அறுக்கப்பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன்.

அவர் இடக்கையால் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தலையசைத்தார். "மாடு… மாடு" என்றார். பிறகு தரையை நோக்கிக் கையைக் குத்திக் குத்திக் காட்டினார். "மாடு கட்டுறது. பத்தாதும்மா."

நான் சிரித்துக்கொண்டே "சரிப்பா" என்றேன். அன்றிரவு குறிப்பேட்டில் எழுதினேன்: குழாய் – 'மாடு' – தொடர்பற்ற சொல்லாக வழுவல்.

இரவு வண்டியில் மயிலாடுதுறை, அங்கிருந்து சிதம்பரம், பிறகு சாமியார்பேட்டைக் கடற்கரை. குழாயை ஓரடி ஆழம் நட்டேன். அதற்கு மேல் அது இறங்கவில்லை. கல்லால் தட்டியபோது மேல்விளிம்பு விரிசல் கண்டது. அசைத்துப் பார்த்தேன், உறுதியாக இருந்ததாகத்தான் தோன்றியது. அண்ணன் தூண்டிலை வீசிக் கொடுத்துவிட்டு உறவினர் வீட்டுக்குப் போனான். அப்பா நாற்காலியில் அமர்ந்தார். நான் தேநீர் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது அவர் எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்தார். இடக்கை கடலை நோக்கி நீண்டிருந்தது. வாயிலிருந்து சொல் வரவில்லை. குழாய் மணலில் சாய்ந்து கிடந்தது. கோல் நுரைக்குள் இருமுறை தெரிந்தது. நான் இடுப்பளவு நீர்வரை ஓடினேன். கிடைக்கவில்லை.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஒன்றுமே பேசவில்லை. அதன்பின் பல வாரங்கள் சொல்லைத் தேடும் முயற்சியையே கைவிட்டார், கேட்டால் கையசைத்துவிடுவார்.

மார்கழியில் ஒருநாள் குறிப்பேட்டைப் புரட்டினேன். 'மாடு' என்ற பதிவில் கண் நின்றது. கரண்டிக்குக் 'குழம்பு எடுக்கிறது' என்றவர், குழாய்க்கு 'மாடு கட்டுறது' என்றிருக்கிறார். இரண்டும் ஒரே அமைப்பு. அவர் வழுவவே இல்லை. அது துல்லியமான சுற்றுமொழி. மாடு கட்டுவதற்குத் தரையில் அடிப்பது எது? அப்பாவின் முன் போய் அமர்ந்து, "முளையாப்பா?" என்றேன்.

அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். "முளை" என்றார். மீண்டும், "முளை. முளைக்குச்சி."

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் முளை என்பதற்குத் தறி என்ற பொருளும் உண்டு. தாத்தாவின் தொழுவத்தில் அது அன்றாடச் சொல். தாங்கி மேலிருந்து வரும் எடையைச் சுமப்பது. முளை எதையும் சுமப்பதில்லை. பக்கவாட்டில் வரும் இழுப்புக்கு ஈடுகொடுப்பதே அதன் வேலை. தூண்டிற்கோலின் எடை ஒரு கிலோகூட இராது. சுமப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அலையும் நீரோட்டமும் மீனும் இழுக்கின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு தடிமன்' என்பதன்று, 'எவ்வளவு ஆழம்' என்பதே. அப்பா அதைத்தான் சொன்னார். நான் அதை நோய்க்குறியாகப் பதிந்திருந்தேன்.

கட்டடப் பொறியியலில் ஆய்வு செய்யும் தோழியிடம் இதைச் சொன்னேன். மணலில் புதைந்த குட்டையான தூணைப் பக்கவாட்டில் தள்ளினால் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பெங்ட் புரோம்ஸ் என்ற பொறியியலாளர் 1964இல் ஒரு கணக்கு முறை தந்திருப்பதாகக் கூறி, தாளில் போட்டுக் காட்டினாள். எதிர்ப்பு, தூணின் அகலத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. புதைந்த ஆழத்துக்கோ ஏறத்தாழ அதன் மும்மடியாகக் கூடுகிறது. அகலத்தை இரட்டித்தால் பலம் இருமடங்கு. ஆழத்தை இரட்டித்தால் ஏழு மடங்குக்கு மேல். நான்கு மீட்டர் உயரத்தில் கோல்நுனி கிடைமட்டமாக இழுக்கப்படுகிறது என்று கொண்டு, சாதாரண உலர்மணலுக்குக் கணக்கிட்டோம். 50 மில்லிமீட்டர் அகலமுள்ள பொருள் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் முக்கால் கிலோ இழுப்பிலேயே சாய்ந்துவிடும். அதையே 60 சென்டிமீட்டர் இறக்கினால் ஐந்தரைக் கிலோவுக்கு ஈடுகொடுக்கும். கோல் வளையும்போது நெம்பும் தூரம் குறைவதால் நடப்பில் எண்கள் மாறும். ஆனால் இரண்டுக்கும் இடையிலான விகிதம் பெரிதாக மாறாது. குழாயின் சுவர்த் தடிமன் அந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

அடுத்த வாரம் அப்பாவுடன் எங்கள் தெருமுனையிலுள்ள வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் கன்னடர், தமிழும் பேசுவார். நான் 'தூண்டில் ஸ்டாண்டு' என்று விளக்கத் தொடங்கி முடிக்கும் முன்பே, அப்பா தரையைக் காட்டிக் கன்னடத்தில் ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்: 'கூட'. தமிழெழுத்தில் எழுதினால் வேறு சொல்லாகத் தோன்றும். தொடக்கத்துக் ககரத்தைக் 'கங்கை' என்பதன் முதலெழுத்துப்போல ஒலிக்க வேண்டும். மாடு கட்டும் முளைக்குக் கன்னடப் பெயர். பட்டறைக்காரர் உடனே "எவ்ளோ ஆழம் இறங்கணும்?" என்று கேட்டார். ஐந்து மாதம் முன்பு நான் கேட்கத் தவறிய கேள்வி. தமிழில் எட்டாத சொல் நாற்பது ஆண்டு ஆலையில் பேசிய மொழியில் தயக்கமின்றி வந்ததையும் அன்று கவனித்தேன்.

அங்கே செய்தது இதுதான். 50 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள அலுமினிய எல் வடிவச் சட்டம், 110 சென்டிமீட்டர் நீளம். கீழ்முனை கூராக அறுக்கப்பட்டது. முனையிலிருந்து 60 சென்டிமீட்டர் மேலே காலால் மிதித்து இறக்க ஒரு சிறு தகடு. தகடு மணலைத் தொட்டால் ஆழம் போதும் என்று பொருள், அளவுகோல் வேண்டாம். அதற்கு மேல் 40 சென்டிமீட்டர் பிவிசி குழாய், கோலின் அடிப்பகுதியைச் செருக. பழைய குழாயின் விரிசல் இல்லாத பகுதியையே அறுத்துப் பயன்படுத்தினோம். குழாயைச் சட்டத்தோடு இணைக்கத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள். எஃகில் 304ஐ விட 316 என்ற வகை கடலுப்புக்கு நன்கு ஈடுகொடுக்கும். அதில் மாலிப்டினம் கலந்திருக்கிறது. எஃகும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும் என்பதால் இடையே பிளாஸ்டிக் வாஷர் போடச் சொன்னார் அப்பா. 'வாஷர்' என்ற சொல் அவருக்குத் தடையின்றி வந்தது. மொத்த எடை இரண்டு கிலோவைத் தாண்டவில்லை.

நடும் முறையை அப்பாவிடமும் சாமியார்பேட்டை மீனவர்களிடமும் கற்றேன். முழுதும் காய்ந்த மணல் கையில் நில்லாது. அலை வந்து போகும் இடத்து மணலோ ஒவ்வோர் அலைக்கும் இளகி, அடியை அரித்துவிடும். இரண்டுக்கும் நடுவே, அலை தொடாத ஆனால் ஈரம் காயாத பட்டை ஒன்று உண்டு. கால் வைத்தால் அழுத்தமாக இருக்கும். அங்கேதான் நட வேண்டும். சோழமண்டலக் கரையில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு குறைவு என்பதால் அடிக்கடி இடம் மாற்ற நேராது. சுத்தியல் கூடாது, மிதித்துக்கொண்டே பக்கத்துக்குப் பக்கம் சற்று அசைத்தால் தானே இறங்கும். மாடு இழுக்கும் திசைக்கு எதிராக முளையைச் சாய்த்து அடிப்பதுபோல், கடலுக்கு எதிர்ப்பக்கம் சிறிது சாய்க்கலாம். நட்டபின் கோலைச் செருகும் முன் கையால் கடல்பக்கம் இழுத்துப் பார்க்க வேண்டும். ரீலின் பிடியைத் தளர்த்தி வைப்பதும் அவசியம். பெரிய மீன் கவ்வினால் நரம்பு ஓடட்டும், கோல் ஓடக்கூடாது. கரைவலை இழுக்கும் இடத்தில் நடவே கூடாது. அது அவர்களுடைய தொழில். தையிலிருந்து பங்குனிவரை ஆமைகள் கரையேறும் காலம் என்பதால் இருட்டிய பின் எதையும் மணலில் விட்டுவைக்கலாகாது.

இவ்வாண்டு தையில் மீண்டும் போனோம். கோல் புதியது, விலை குறைந்தது, பழையதற்கு ஈடாகாது. அண்ணன் வீசினான். நான் மிதித்து நட்டேன். அப்பா எழுந்து வந்து இடக்கையால் சட்டத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு வலக்கையையும் அதன்மேல் வைத்தார். அன்று காலை மூன்று கிழங்கான்கள் கிடைத்தன, மூன்றும் ஒரு சாண் நீளம். ஒருமுறை கோல் நன்றாக வளைந்தது; முளை அசையவில்லை. கவ்வியது என்னவென்று பார்ப்பதற்குள் தப்பிவிட்டது. "காலா" என்றார் அப்பா. நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அது காலாதான் என்று இப்போது நம்புகிறேன்.

குறிப்பேட்டில் அந்தப் பதிவை அடிக்கவில்லை. அதன் எதிரே 'கேட்டவரின் பிழை' என்று எழுதித் தேதியிட்டிருக்கிறேன். அதற்கு முந்தைய பக்கங்களில் 'தொடர்பற்ற சொல்' என்று நான் வகைப்படுத்திய பதினொரு பதிவுகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக அப்பாவிடம் மீண்டும் கேட்டு வருகிறேன். இதுவரை நான்கு விளங்கிவிட்டன.

கடற்கரை ஊர்களைச் சேர்ந்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணலில் கோலையோ கயிற்றையோ நிறுத்துவதற்கு நடும் பொருளை உங்கள் ஊரில் என்ன பெயரிட்டு அழைக்கிறீர்கள்? ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். அப்பாவிடம் படித்துக் காட்டுவேன்.