ஊரில் விட்டுவந்த சுதந்தரம்

பிழைப்பின் நிமித்தம் குகட்பள்ளிக்கு வந்த நம்மில் பலருக்கு, திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் பிதாக்கள் விட்டுச்சென்ற ஓரிரு ஏக்கர் புஞ்சை இன்னும் உண்டு. வருஷத்திற்கொருமுறை போய், வரப்பிலுள்ள பனைகளை எண்ணிவிட்டுத் திரும்புகிறோம்.

சபையின் சகோதரர் ஒருவர், "பாஸ்டர், நாற்பது பனைகளைச் செங்கல் சூளைக்குக் கேட்கிறார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு உதவும், கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். அவருடைய தேவை மெய்யானது. ஆகையால் உடனே பதில் சொல்லாமல், அந்தப் பனைகளில் குடியிருப்போரை இருவருமாக எண்ணிப்பார்த்தோம்.

ஓலை நுனியில் தூக்கணாங்குருவி கூடு பின்னுகிறது. ஓலைக்கடியில் பனை உழவாரன் தன் உமிழ்நீரால் கூட்டை ஒட்டிவைக்கிறது. மொட்டைப் பனையின் பொந்தில் கிளி குஞ்சு பொரிக்கிறது. ஆந்தை தங்கி வயலெலிகளைப் பிடிக்கிறது. பட்டுப்போனதென்று நாம் தள்ளும் மரமும் ஒரு வீடே.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி அவசியமென்று தமிழக அரசின் 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது.

அவர் பனைகளைப் பனையேறும் குடும்பமொன்றிற்குப் பாட்டத்திற்கு விட்டார். கட்டணத்தில் ஒரு பங்கே தேறிற்று; மீதிக்குக் கடன்பட்டார். மரங்கள் நிற்கின்றன.

நாங்குநேரிக்கு அருகேயுள்ள கூந்தன்குளத்தில், வீட்டு மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்ட ஊரார் இடங்கொடுக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த குளத்து நீர் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. 1994இல் அது சரணாலயமாக அறிவிக்கப்படுமுன்னரே ஊராரின் காவல் இருந்தது. நமக்கருகே, சூரியாபேட்டை மாவட்டத்து ராகவாபுரத்தில், வங்கி வேலையைத் துறந்த துஷர்ல சத்யநாராயணா தம் பூர்வீக நிலத்தில் 70 ஏக்கரைக் காடாக வளர்த்திருக்கிறார்.

நம்மால் அவ்வளவு கூடாதிருக்கலாம். ஆயினும் வேலியோரப் புதரை எரிக்காமல் விடலாம். மொட்டைப் பனையைச் சாய்க்காதிருக்கலாம். சீமைக்கருவேலம் களைந்த இடத்தில் மழைக்கு முன் பனங்கொட்டை ஊன்றலாம். அது பதநீர் தரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும், ஊன்றுகிறவன் பேரனுக்காகவே ஊன்றுகிறான். குத்தகைக்கு விடும்போது மரங்களை எண்ணிப் பத்திரத்தில் எழுதுங்கள்.

கூட்டிலுள்ள குஞ்சுகளை எடுத்தாலும் தாய்ப்பறவையைப் போகவிட வேண்டுமென்று நியாயப்பிரமாணம் கட்டளையிடுகிறது. பலன் நமக்கு; பலன் தரும் ஊற்று நமக்குப் பின்வருவோருக்கும் உரியது. பட்டா நம் பெயரில் இருக்கலாம். நாமோ அதன் உக்கிராணக்காரரே.