அத்தாவின் இசைத்தட்டுப் பெட்டி

இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்கள் பிறந்து 2025 டிசம்பர் 25-ஆம் நாளோடு நூறாண்டு நிறைவெய்திற்று. அதனையொட்டி அன்னாரைப் பற்றிப் பலரும் பேசியும் எழுதியும் வருகின்றனர். அவர்தம் கழகப் பணி, சட்ட மேலவை உறுப்பினர் பதவி, வக்ஃபு வாரியத் தலைமை ஆகியவற்றை அறிந்தோர் அவற்றை எழுதட்டும். நான் எழுத விழைவது, அவருடைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் நாற்பதாண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வரும் ஒரு ரசிகனின் எண்ணங்களை மட்டுமே. அரபி ஓதிக் கொடுக்கும் ஒருவன் தன்னை ரசிகன் என்று சொல்லிக்கொள்ளலாமா எனப் புருவத்தை நெரிப்போர் உண்டு. அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும், அக்கேள்விக்கும் வருகிறேன்.

எங்கள் வீடு பெரம்பலூர் மாவட்டத்து வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிகாட்டில். மர்ஹூம் அத்தா அவர்கள் மளிகைக் கடை வைத்திருந்ததோ அரியலூர்க் கடைத்தெருவில். அந்நாளில் இரண்டூரும் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை. வியாழன் மாலை ஊருக்கு வந்து, ஜும்ஆத் தொழுகை முடித்து, சனிக்கிழமை விடியலில் திரும்புவார்கள். வரும்போது ஒரு கையில் பலகாரப் பொட்டலம், மறு கையில் சில வாரங்களில் காகித உறையிட்ட ஓர் இசைத்தட்டு. சிங்கப்பூரிலிருந்து சிற்றப்பா கொணர்ந்த கைச்சாவிக் கிராமஃபோன் ஒன்று கூடத்து மாடத்தில் இருந்தது. அதன் ஊசிகளைத் தகர டப்பியில் வைத்திருப்பார்கள். தட்டின் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும். மாற்றாமல் பாடவிட்டால் தட்டின் வரி தேய்ந்து, பாடகருக்கு ஜலதோஷம் பிடித்துவிடும் என்பது அத்தாவின் வேடிக்கை.

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அந்த அரக்குத் தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சிப்போனால் மூன்றரை. பல்லவி உண்டு, இரண்டு மூன்று சரணம் உண்டு. அதற்கு மேல் இடமில்லை. இந்த இடநெருக்கடியே அப்பாடல்களுக்குப் பெரும் பேறாக அமைந்தது என்பது என் கருத்து. இமாம் பூசீரி (ரஹ்) அவர்களின் புர்தாவை முறையாக ஓதி முடிக்க ஓரிரவின் நல்ல பகுதி வேண்டும். அண்ணலார் (ஸல்) மீது கொண்ட ஏக்கத்தை அங்கே கவிஞர் பத்துப் பகுதிகளில் விரித்தார். நம் பாவலர்களுக்குக் கிடைத்ததோ மூன்று நிமிடம். எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவர்கள் தவித்திருக்க வேண்டும். அந்தத் தவிப்பே சொல்லுக்கு இறுக்கம் தந்தது. பின்னர் நான்கு பாட்டுக் கொண்ட 45 சுற்றுத் தட்டு வந்தது. அதன்பின் பக்கத்துக்கு இருபது நிமிடம் பாடும் நெடுந்தட்டு. 1980-களில் பக்கத்துக்கு அரைமணி நேரம் ஓடும் கேசட். இடம் பெருகப் பெருகப் பாட்டு நீர்த்தது. கேசட்டின் முதற்பக்கத்து முதற்பாட்டும் மறுபக்கத்து முதற்பாட்டும் முத்தாக இருக்கும். இடையில் வருவனவற்றுள் சில, எதுகைக்காகவே இழுத்து வரப்பட்ட சொற்களால் நிரப்பப்பட்டவை. இதைச் சொல்வதால் இசைமுரசின் அன்பர்கள் சினம் கொள்ள வேண்டா. நானும் அவ்வன்பர் கூட்டத்தைச் சேர்ந்தவனே.

அவர் குரலைப் பற்றி ஒரு சொல். உச்சத்தில் எடுத்து, உச்சத்திலேயே நின்று, சொல் சிதையாமல் பாடும் குரல் அது. தஜ்வீது பயின்ற காதுக்கு இது தனி விருந்து. எழுத்துக்குரிய இடத்தில் எழுத்து பிறக்க வேண்டும் என்பதில் குர்ஆன் ஓதுவோர் எத்துணைக் கண்டிப்பானவர்களோ, அத்துணைக் கண்டிப்பைத் தமிழ் எழுத்துக்கு அவர் காட்டினார். ழகரம் ழகரமாகவே ஒலிக்கும், றகரம் தேயாது. அரபிச் சொல் வருமிடத்தில் அளவுக்கு மீறி அரபியாக்கிக் காட்டும் ஆர்வம் அவரிடம் இல்லை. வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கேற்பத் தமிழாக்கிக்கொள்ளத் தொல்காப்பியர் காட்டிய வழியை உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபிச் சொல்லுக்கும் கையாண்டாரன்றோ! அவ்வழியில் வந்த பாட்டுக்கு ஏற்ற குரல் இது. ஹா, ஹ்ஹா வேறுபாடு கேட்கவில்லையே என்று என்னுடன் ஓதிய நண்பர் ஒருவர் குறைபடுவார். பாட்டு தொழுகையன்று என்பது என் விடை.

அத்தாவின் பெட்டியில் இரண்டு அடுக்கு. மேலடுக்கில் மார்க்கப் பாடல்கள். கீழடுக்கில் கழகப் பாடல்கள். டால்மியாபுரம் என்ற பெயரை நீக்கிக் கல்லக்குடி எனப் பெயரிடக் கோரி 1953-இல் நடந்த போராட்டத்தில் கலைஞர் மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். அதைப் போற்றி ஹனீபா அவர்கள் பாடிய பாட்டு ஊர்தோறும் ஒலித்தது. அத்தா இசைத்தட்டு வாங்கத் திருச்சிக்குச் சென்றதும் திரும்பியதும் அதே கல்லக்குடி நிலையத்தைக் கடந்துதான். இரயில் அங்கே நிற்கும்போது ஜன்னலோரம் இருப்பவர் எவராயினும் அவரிடம் அந்தப் பாட்டைக் குறித்துப் பேச்செடுப்பார்களாம். ஊரில் சில பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. நபிமார் புகழ் பாடிய வாயால் கட்சிப் பாட்டா என்பர். அத்தாவுக்கு அதில் முரண்பாடு தோன்றியதே இல்லை, எனக்கும் இல்லை. கொள்கையை மறைத்துக்கொண்டு எல்லாருக்கும் நல்லவராக நடந்திருந்தால், வெள்ளித்திரையில் அவர் இன்னும் பல பாடல்கள் பாடியிருக்கக்கூடும். 1961-இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து அவர் பாடியதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். அத்துணைப் பெரிய குரலின் அருகிலும் இவர் குரல் ஒடுங்கவில்லை.

எல்லாரும் அறிந்தது ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்ற பாட்டு. கிளியனூர் ஆர். அப்துல் சலாம் எழுதியது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஓடும் பேருந்துகளில், சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதிக்கிடையே, காலை முதல் நடையில் ஒரு விநாயகர் பாட்டு, அடுத்து இந்தப் பாட்டு, அதன்பின் ஒரு கிறிஸ்தவப் பாட்டு என ஓட்டுநர்கள் போடுவதை நான் எத்தனையோ ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். மாற்று மதத்துச் சகோதரர்களும் கேட்கிறார்கள் என்பதற்காக நாம் பெருமைப்படுவதோடு நின்றுவிடுகிறோம். அப்பாட்டின் அடியில் இருப்பது ஒரு நபிமொழி என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அடியான் தன்னை நோக்கி உயர்த்திய கைகளை வெறுங்கையாகத் திருப்பி அனுப்ப இறைவன் நாணுகிறான் என்ற கருத்துடைய ஹதீஸ் திர்மிதீயிலும் அபூதாவூதிலும் உண்டு. மதரஸாவில் அந்த ஹதீஸை உஸ்தாத் அவர்கள் வாசிக்கக் கேட்டபோது, இதை நான் முன்பே அறிவேன் என்று உள்ளம் துள்ளிற்று. அரபி எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில், கூடத்து மாடத்திலிருந்து அது தமிழில் என்னிடம் வந்து சேர்ந்திருந்தது.

என் அம்மாவின் நிலையும் அதுவே. அவர்கள் குர்ஆனைப் பார்த்து ஓதுவார்கள், பொருள் தெரியாது. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. பள்ளிவாசல் பயான் ஆண்களுக்கு. எனின், மக்காவும் மதீனாவும் அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் எளிய வாழ்வும் அடுப்படியில் இருந்த அந்தப் பெண்மணிக்கு எவ்வழியாகத் தெரிந்தன? இசைத்தட்டு வழியாகத்தான். அத்தா ஊரில் இல்லாத நாள்களில் கிராமஃபோனைத் தொடமாட்டார்கள். ஊசி பாழாகிவிடும் என்ற அச்சம். ஆகவே தாமே பாடுவார்கள். தொட்டிலை ஆட்டிக்கொண்டு, அரிசி புடைத்துக்கொண்டு, அதே மெட்டில், மெல்லிய குரலில். என் அக்காவுக்கும் எனக்கும் தம்பிக்கும் அதுதான் முதல் மக்தப்.

இனி, முன்னே ஒத்திவைத்த கேள்வி. அத்தா மறைந்தபின் பெட்டி என்னிடம் வந்தது. சென்ற ஆண்டு வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த என் மருமகன், அக்காவின் மூத்த பிள்ளை, அதைக் கண்டுவிட்டு, மிகுந்த பணிவோடு, “மாமா, நீங்கள் ஓதியவர்கள். இது வீட்டில் இருக்கலாமா? மக்கள் உங்களைப் பார்த்துத்தானே நடப்பார்கள்?” என்று கேட்டான். நல்ல பிள்ளை, ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவன். அவன் கேட்டதில் ஏளனம் இல்லை; அக்கறைதான் இருந்தது. ஆகவே தட்டிக்கழிக்காமல் கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் அமர்ந்தோம்.

நம் பகுதியினர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் நூல்கள் இசைக்கருவி விஷயத்தில் இறுக்கமானவை. இசைக்கருவிகளை ஆகுமாக்கிக்கொள்வோரைப் பற்றிய எச்சரிக்கை புகாரியில் இருக்கிறது. பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதை அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, விட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதும் அதே புகாரியில் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் செவியுறுதல் பற்றித் தனி நூலே வகுத்து, கேட்பவன் யார், கேட்பது எது, எப்போது என்றெல்லாம் பிரித்தார்கள். அவர்களும் தஃப்பை அனுமதித்தார்களேயன்றி, குடியரின் அடையாளமாகிவிட்ட நரம்புக் கருவிகளையும் குழல்களையும் அனுமதிக்கவில்லை. இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களோ அதற்கும் இடங்கொடாமல் கண்டித்து எழுதினார்கள். இவற்றையெல்லாம் மறைக்காமல் அவனுக்குக் காட்டினேன். கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயரைச் சொல்லி ஆர்மோனியத்துக்குச் சான்றிதழ் வாங்க என்னால் இயலாது. பேணுதலுக்காக விலகி நிற்பவரை நான் மதிக்கிறேன். ஆயின் கருவியைப் பற்றிய தீர்ப்பைச் சொல்லின் மீதும் ஏற்றி, தட்டுகளை உடைத்தெறியச் சொல்வதற்கு உடன்பட மாட்டேன் என்றேன். அம்மா பாடியபோது எந்தக் கருவி இருந்தது? அவனுக்கும் அது நினைவிருந்தது. அவனையும் தொட்டிலிட்டு ஆட்டியவர்கள் அவர்கள்தாமே!

கருவியைவிட எனக்கு அதிக உறுத்தல் தந்தவை வேறு சில பாடல்கள். வலிமார்களின் சிறப்பைப் பாடுவது ஒன்று; அவர்கள் பொருட்டால் இறைவனிடம் கேட்பது ஒன்று; அவர்களிடமே கேட்பது மற்றொன்று. முதலிரண்டை நான் பாடுவேன். மூன்றாவது வருமிடத்தில் என் வாய் நின்றுவிடும். ஹதீஸ் கலை பயின்றவன் ஒரு நூலில் உள்ள அனைத்தையும் தள்ளவும் மாட்டான், அனைத்தையும் கொள்ளவும் மாட்டான். பெட்டியையும் அவ்வண்ணமே பிரித்து அடுக்கியிருக்கிறேன். ஊரில் இதைக் கேள்விப்பட்டு, கடுமை என்று சிலரும் இளக்காரம் என்று சிலரும் சொல்லியாகிவிட்டது.

அந்தப் பிரிப்பு வேலையின்போதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. தட்டின் நடுவிலுள்ள வட்டச் சீட்டில் பாடகர் பெயருக்கருகே பாவலர் பெயரும் அச்சாகியிருக்கும். கேசட் அட்டைகளிலும் பெரும்பாலும் உண்டு. இன்று மருமகனின் கைப்பேசியில் அதே பாட்டைத் தேடினால் குரல் வருகிறது, படம் வருகிறது. எழுதியவர் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. நாகூர் சலீம், புலவர் ஆபிதீன், கிளியனூர் அப்துல் சலாம் என்ற பெயர்கள் நம் பிள்ளைகளுக்குப் புதியவை. மஸ்தான் சாகிபு பாடலை ஏட்டிலிருந்து நூலேற்றிய சமுதாயம், தட்டிலிருந்து ஏட்டுக்கு ஏற்ற மறந்துவிட்டது. ஆகவே, ஒரு நீண்ட கோட்டுக் குறிப்பேடு வாங்கி, பாட்டின் முழு வாசகம், எழுதியவர், தட்டின் எண் ஆகியவற்றை எழுதத் தொடங்கினேன். மருமகன் விடுப்பு முடியுமுன் பதினோரு பாடல்களை அவனே கேட்டு எழுதித் தந்தான். கேட்கும்போது முகத்தைச் சற்றே சுளித்தபடிதான் இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

அக்காவுக்குப் பார்வை மங்கிவிட்டது. பெரிய எழுத்தில் ஒரு படி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நாற்பத்து மூன்றாம் பாட்டு வரை வந்துவிட்டேன். அது அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களைப் பற்றிய பழைய 78 தட்டு. இரண்டாம் சரணத்தில் ஒரு கீறல். ஒரு சீர் முழுவதும் அதில் போய்விட்டது. அம்மா அவ்விடத்தில் என்ன பாடினார்கள் என்று அக்காவைக் கேட்டேன். தயங்காமல் ஒரு சொல்லைச் சொன்னார். பொருள் பொருந்துகிறது, எதுகை பொருந்தவில்லை. அவ்விடத்தை இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறேன்.