மிலாறு நெருப்பில் காய்ந்த தப்பு

பனியில் தோல் தொய்ந்துபோயிருந்தது. கூத்து மாஸ்டர் தப்பை விரலால் சுண்டினார். தொப்பென்றது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் மிலாறைக் குவித்துப் பற்றவைத்தார். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற கொம்புகளுக்கு இலங்கை மலையகத்தில் அதுதான் பெயர். அனலில் தப்பின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். நடுநடுவே எடுத்துக் காதருகில் வைத்துத் தட்டினார். நாலைந்து முறைக்குப் பிறகு கணீரென்று கேட்டதும் என் கையில் தந்தார். "இந்தாங்க தம்பி, சூடு ஆறுறதுக்குள்ள அடிங்க."

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். மாசிப் பௌர்ணமி இரவு. காமன் கூத்துக்குத் தப்படிக்க நான் கோத்தகிரியிலிருந்து போயிருந்தேன்.

என் அப்பா பிறந்தது இந்த மலையில். 1948-இல் வந்த சட்டம் தோட்டத்துத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு இங்கே அழுகைக் கோச்சி என்று பெயர். அதில் ஏறி, ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, நீலகிரியில் மறுபடி தேயிலைக்கே போனார் அப்பா. இங்கே கள்ளத்தோணி என்று ஏசப்பட்டவர், அங்கே போனதும் சிலோன்காரர் ஆனார். தப்பைத் தூக்கி வர முடியவில்லை. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துவைத்துத்தான் எனக்கு அடி சொல்லிக் கொடுத்தார்.

காமன் கூத்துக்கு மேடை கிடையாது, லயத்து வாசல்தான். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டுகிறார்கள். பௌர்ணமியன்று சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிகிறான். நடிப்பவர்கள் அந்தத் தோட்டத்து ஆட்களே. வீரபத்திரனாக வருபவர், ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் தேயிலை அரைக்கிறவர். மன்மதனின் மனைவி ரதியாக வருபவன், கொழும்பில் கடையில் வேலை பார்க்கும் பையன். லீவு சொல்லி வந்திருந்தான். குழுவில் ஒரு பெரியவர், முன்பெல்லாம் விடியற்காலையில் வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டுக்குக் கூப்பிடவும் இதே தப்பைத்தான் அடிப்பார்கள் என்றார். வேலைக்கு விரட்டிய வாத்தியத்தை ராத்திரியில் தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட அந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

முந்தைய இரண்டு ராத்திரியும் சேர்ந்து அடித்துப் பார்த்தோம். மற்றதெல்லாம் ஒத்துப்போனது. ரதி வாசலுக்கு வரும் இடத்தில் மட்டும் இடித்தது. அவர்கள் அடி விறுவிறுவென்று ஓடியது. என் கை ஓரிடத்தில் நின்று, சின்னக் குச்சியால் மட்டும் இரண்டு தட்டுத் தட்டி, பிறகு சேர்ந்தது. நான்தான் தப்பாக அடிக்கிறேன் என்று நினைத்து நிறுத்திவிட்டேன்.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "திருப்பி அடிங்க" என்றார். அடித்தேன். "இது எங்க அப்பச்சி அடிச்ச அடி. நாங்கதான் காலத்துக்கு மாத்திட்டோம். ஒங்க வீட்ல மாறாம இருந்திருக்கு" என்றார். பையன்களைக் கூப்பிட்டு, "ரதி வர்றப்ப தம்பி அடிக்கிற மாதிரியே எல்லாரும் அடிக்கணும்" என்று உத்தரவு போட்டார்.

அன்றிரவு அந்த இரண்டு தட்டுக்கு ரதி கால் தூக்கி நின்றான். எட்டுத் தப்பும் ஒன்றாக அடங்கி, ஒன்றாக எழுந்தன. முதல் நாள் பிடிபடாமல் திணறிய பையன் என் பக்கம் திரும்பிச் சிரித்தான். அப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும்.

மன்மதன் எரிந்து விழுந்ததும் வெள்ளைத்துணி போர்த்தினார்கள். ரதி ஒப்பாரி எடுத்தான். சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். யாரை நினைத்து அழுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கோச்சி ஏறிப் போனவர்கள் இல்லாத வீடு அந்த லயத்தில் ஒன்றுகூட இல்லை.

விடிந்ததும் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கூடையோடு எங்களைக் கடந்து போனார்கள். ரதி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அரிதாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுடைய போன் அடித்தது, கடை முதலாளி. மூன்றாம் நாள் மன்மதனை எழுப்பிவிட்டுத்தான் வருவேன், கையில் காப்பு இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.